பழைய பேட்டையா, நியூ அர்பனிசக் குடியிருப்பா: எதை அளந்து ஒப்பிடுவது?

பதிவு 1 · தெருமுனை

நடந்து புழங்கும் பழைய பேட்டையின் பாணியில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டுவதைத்தான் நியூ அர்பனிசம் என்கிறார்கள். சீசைடு, கென்ட்லாண்ட்ஸ், செலிபிரேஷன் மாதிரியான அத்தகைய அமெரிக்கக் குடியிருப்புகளைப் பழைய நகரப் பேட்டைகளோடு ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் படத்தைப் பார்த்தே நடக்கிறது. முன்திண்ணை இருக்கிறதா? இருக்கிறது. மரச்சட்ட வேலி, தெருவிளக்கு, சரிவுக்கூரை? எல்லாமே இருக்கின்றன. அப்புறம் ஏன் அங்கே கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று ஒருவர் கேட்பார். பதில் வராமலே பேச்சு முடிந்துவிடும்.

வீட்டு முகப்பை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துவிடலாம். இந்த இழையில் முகப்பை விட்டுவிட்டு நான்கை மட்டும் அளப்போம்: பிளாக்கின் (சுற்றிலும் தெருக்கள் உள்ள மனைத்தொகுதியின்) நீளம், மனையின் அகலம், நிலம் எத்தனை பேர் கையில் இருக்கிறது, தெரு யாருக்குச் சொந்தம்.

முதலாவதற்கு ஒரு கணக்கு. ஓரிகன் மாநிலத்து போர்ட்லாண்டின் மையப் பகுதியில் பிளாக் 200 அடிக்கு 200 அடி, தெரு பெரும்பாலும் 60 அடி. அதாவது 260 அடிக்கு ஒரு சந்திப்பு. ஒரு மைலுக்கு 5,280 அடி. வகுத்தால் 20, சதுர மைலுக்கு ஏறக்குறைய 400 சந்திப்பு. பிளாக்கை 600 அடியாக்கிப் பாருங்கள்: 660 அடிக்கு ஒன்று, மைலுக்கு 8, சதுர மைலுக்கு 64தான். பிளாக்கின் நீளம் மூன்று மடங்கானதற்கு வழிகள் ஆறில் ஒன்றாகிவிட்டன. பக்கத்துத் தெருவில் இருக்கும் கடைக்குப் போகச் சுற்றிப் போகணும் என்றால் மனிதர் காரைத்தான் எடுப்பார். எந்தக் குடியிருப்பானாலும் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள்.

பதிவு 2 · மனைவரைவு

தெருமுனை ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கணும். பழைய பேட்டை தானாக வளர்ந்தது, புதியது திட்டமிட்டுக் கட்டியது என்று பலர் பிரிக்கிறார்கள். அது தவறு. ஜார்ஜியாவின் சவானா 1733இல் ஓகில்தார்ப் போட்ட திட்டம். ஒரு வார்டு என்றால் நடுவே ஒரு சதுக்கம், அதன் கிழக்கிலும் மேற்கிலும் பொதுக் கட்டடங்களுக்கு 4 பெரிய மனைகள், வடக்கிலும் தெற்கிலும் பத்துப் பத்தாக 40 வீட்டு மனைகள். வீட்டு மனை 60 அடிக்கு 90 அடி. அந்த 60 என்ற எண்ணைக் கவனியுங்கள். இரண்டாக வெட்டினால் 30, மூன்றாக வெட்டினால் 20. தனி வீடாக இருந்த மனை பின்னாளில் வரிசை வீடுகளாக மாற எந்தத் தடையும் இல்லை. மன்ஹாட்டனின் 1811 திட்டமும் அப்படியே: மனை 25 அடிக்கு 100 அடி. இரண்டு மனையைச் சேர்த்து மூன்று வீடு கட்டினால் ஒவ்வொன்றும் 16 அடி 8 அங்குலம். அந்த அகலத்தில் கட்டிய பழுப்புக்கல் வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

ஆக, இரண்டிலும் திட்டம் உண்டு. திட்டம் எங்கே நின்றது என்பதில்தான் வித்தியாசம். பழைய திட்டம் தெருவையும் மனைக்கோட்டையும் போட்டுவிட்டு விலகிக்கொண்டது. மீதியை வாங்கியவர்கள் செய்தார்கள், நூறு வருடம் செய்தார்கள்.

சீசைடு இந்த ஒரு விஷயத்தில் பழையதுக்குப் பக்கத்தில் வரும். 1981இல் நில உரிமையாளர் ராபர்ட் டேவிஸ் 80 ஏக்கரில் தொடங்கினார். கட்டடக்கலைஞர்கள் ஆண்ட்ரேஸ் டுவானியும் எலிசபெத் பிளேட்டர்-சைபெர்க்கும் ஒரே பக்கத்தில் அடங்கும் விதிப்பட்டியல் போட்டார்கள். மனை மனையாக விற்றார்கள், அவரவர் ஆள் வைத்துக் கட்டினார்கள். ஒரே தெருவில் ஒரு வேலியின் வடிவம் மறுபடி வரக்கூடாது என்றும் விதி இருந்தது. அந்தச் சின்ன விதி எத்தனை கைகளை வேலை செய்ய வைத்திருக்கும், யோசித்துப் பாருங்கள். இன்று அங்கே பெரும்பாலானவை விடுமுறை வாடகை வீடுகள் என்பது வேறு கதை.

பிறகு வந்த குடியிருப்புகளில் மனைகளை மொத்த பில்டர்கள் வாங்கினார்கள். ஒரு பில்டருக்கு ஒரே தெருவில் முப்பது மனை, கையில் ஐந்து பிளான். பிளானைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவார்கள், வண்ணத்தை மாற்றுவார்கள். முப்பது வீட்டுக்கும் ஒரே வயசு, ஒரே ஜன்னல் கம்பெனி, கூரை மாற்ற வேண்டிய வருடமும் ஒன்றே. பழைய பேட்டையில் பழுது சிதறி வரும். இங்கே மொத்தமாக வரும்.

பதிவு 3 · பின்சந்து

தெருவின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏட்டில் சரியாக இருந்து தரையில் கெட்டுப்போவது இங்கேதான்.

முதலில் தெருமுனை வளைவு. பழைய பேட்டையில் நடைபாதை விளிம்பு வளையும் ஆரம் 5 முதல் 10 அடி. புறநகர் விதிப்புத்தகம் கேட்பது 25 அடி, சில இடங்களில் 30. இது என்ன செய்கிறது? 28 அடி அகலத் தெரு, விளிம்பை ஒட்டி மரம் நடும் 6 அடி மண்பட்டை, அதற்குப் பின் 5 அடி நடைபாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 10 அடி என்றால் நடைபாதை நேராகத் தெருவைக் கடக்கும் தூரம் 28 அடியேதான். அதே தெருவில் ஆரத்தை 25 அடியாக்கினால் இருபக்கமும் ஆறு ஆறு அடிக்கு மேல் சேர்ந்து 40 அடியாகிவிடும். விநாடிக்கு மூன்றரை அடி நடப்பவருக்கு 8 விநாடி வேலை பதினொன்றரை விநாடியாகிறது. அத்தோடு கார் திரும்பும் வேகமும் கூடுகிறது. தெருவைக் குறுக்கிவிட்டோம் என்று பெருமைப்படும் குடியிருப்புகளில் முனையைப் போய் அளந்தால் பாதி இடத்தில் 25 அடி ஆரம் இருக்கும். வரைபடத்தில் யாரும் பார்க்காத எண் அது.

அடுத்து பின்சந்து. கராஜைப் பின்னால் தள்ளுவது நல்ல யோசனை. முன்பக்கம் கார் வழி வெட்டாததால் நடைபாதை உடையாது, தெருவோரம் கார் நிறுத்தும் இடமும் போகாது. ஆனால் கராஜ் கதவுக்கும் சந்தின் தளத்துக்கும் நடுவே விடும் முன்தளத்தில்தான் தவறு நடக்கும். அது 8 அடிக்குள் இருக்கணும், இல்லாவிட்டால் 18 அடிக்கு மேல் இருக்கணும். நடுவே 12, 14 அடி விட்டால் காரை அங்கே நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் பின்பாதி சந்துக்குள் நீட்டும். குப்பை லாரி நின்றுவிடும். 8 அடிக்குள் இருந்தால் அங்கே நிறுத்த முடியாது என்று பார்த்ததுமே தெரியும். 18 அடிக்கு மேல் என்றால் முழுக் காரும் உள்ளே அடங்கும். கராஜ் கதவிலிருந்து எதிர்ப்பக்கம் இருக்கும் வேலியோ சுவரோ வரை 22 முதல் 24 அடி இல்லாவிட்டால் ஒரே திருப்பில் காரை வெளியே எடுக்க முடியாது. சிகாகோவின் பழைய சந்துகள் பெரும்பாலும் 16 அடிதான். அங்கே கராஜ் சற்று உள்ளே தள்ளி நிற்பதால் சமாளிக்கிறார்கள்.

சந்தின் தளம் நடுவில் பள்ளமாக, இரண்டு பக்கமும் சரிந்து இருக்கணும். தெரு மாதிரி நடுவில் மேடாகப் போட்டுவிட்டால் மழைநீர் நேராகக் கராஜுக்குள் போகும். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு தெருவுக்கே கராஜ் தரையை உடைத்துத் திரும்பப் போட வைக்கிற தவறு அது.

பதிவு 4 · புதுவாசி

ஒரு சந்தேகம் அண்ணா. பழைய பேட்டைத் தெரு 24, 26 அடியில் இருபக்கமும் கார் நிறுத்தியே இருக்கிறது. நடுவில் மிஞ்சுவது 10, 12 அடி. புதிதாகக் கட்டினால் தீயணைப்பு வண்டிக்கு 20 அடி காலியாக விடு என்கிறார்கள். பழைய தெருவில் தீயணைப்பு வண்டி எப்படிப் போகிறது?

பதிவு 5 · பின்சந்து

நல்ல கேள்வி தம்பி. அந்த 20 அடி விதி புதிதாகப் போடும் வழிக்குத்தான். பழைய தெருவைத் தொடாது. வண்டியின் அகலம் எட்டரை அடிக்குள். போவதற்கு 12 அடி போதும். 20 அடி கேட்பது, நின்று வேலை செய்யும்போது பக்கக் கால்களை ஊன்றவும் அருகே இன்னொரு வண்டி கடக்கவும். உயர ஏணி வண்டி நிற்கும் இடத்தில் 26 அடி கேட்பார்கள்.

பழைய தெரு அதைச் சமாளிப்பது சந்திப்புகளால். 200, 300 அடிக்கு ஒரு சந்திப்பு இருந்தால் வண்டி முனையில் கால் ஊன்றும், குழாயை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு பக்கம் அடைத்திருந்தால் மறுபக்கம் வரலாம். ஒரே வாசல் உள்ள முட்டுச்சந்தில் அது நடக்காது, அகலத்தைக் கேட்பதில் நியாயமும் உண்டு.

புதிய இடத்தில் குறுகிய தெரு வேண்டுமென்றால் சந்திப்பு அடர்த்தியை முதலில் காட்டணும். ஒவ்வொரு 100, 150 அடிக்கும் ஒரு கார் நிறுத்தத்தை எடுத்துவிட்டு வண்டி நிற்க இடம் விடணும், தீயணைப்புக் குழாய் முனைகளும் அந்த இடைவெளிகளிலேயே வரட்டும். வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) போட ஒப்புக்கொண்டால் பேச்சு இன்னும் எளிதாகும். போர்ட்லாண்ட் 1991இலேயே ஒரு பக்கம் நிறுத்தினால் 20 அடி, இரு பக்கமும் நிறுத்தினால் 26 அடி என்று குறுந்தெரு விதியைக் கொண்டுவந்தது. தீயணைப்புத் துறையை வரைபடம் முடிந்த பிறகு அழைத்தால் அவர்கள் கையில் இருப்பது மறுக்கும் உரிமை மட்டும்தான். வரையும் மேசைக்கே அழைத்துவிடணும்.

பதிவு 6 · கடைக்கணக்கு

கடைத்தெரு ஏன் வெறிச்சோடுகிறது என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். அதற்குக் கணக்கே பதில் சொல்லும்.

ஐந்து நிமிட நடை என்பது கால் மைல், 1,320 அடி. அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 125 ஏக்கர். ஒரு முனைக்கடை, 1,500 முதல் 3,000 சதுர அடி, தாக்குப்பிடிக்க ஏறக்குறைய ஆயிரம் குடும்பம் வேண்டும் என்பது சில்லறை வணிகத் திட்டமிடுபவர்களின் நடைமுறைக் கணக்கு. தெரு, பூங்கா எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 6 வீடு கட்டினால் வட்டத்துக்குள் 750 குடும்பம். ஒரு கடைக்கே போதவில்லை. தனி வீட்டு மனைகளோடு வரைந்த எத்தனையோ குடியிருப்புகள் இந்த அடர்த்தியில், அல்லது இதற்கும் கீழே இருந்துகொண்டு முழுக் கடைத்தெரு கேட்கின்றன.

அப்படியானால் பழைய பேட்டையில் எப்படி ஓடியது? மூன்று காரணம். 20 அடி வரிசை வீடும் இரண்டு மூன்று குடும்ப வீடும் கலந்ததால் அடர்த்தி அதிகம். கடைகள் டிராம் ஓடும் தெருவில் இருந்தன, வெளியூர்க்காரர்களும் கடந்துபோனார்கள். கடைக்காரர் மாடியில் குடியிருந்தார், கடைக்குத் தனி வாடகை கிடையாது. மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை. வருமானம் குறைந்த மாதத்தில் கடை மூடாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

புதிய குடியிருப்பில் பசுமையும் அமைதியும் வேண்டும் என்று கடைத்தெருவை நிலத்தின் நடுவில் வைப்பார்கள். கடந்துபோகும் ஆளே இல்லை. போர்ட்லாண்டுக்குப் பக்கத்து ஹில்ஸ்போரோவின் ஒரென்கோ ஸ்டேஷன் குடியிருப்பைப் பாருங்கள்: 1998இல் திறந்த மேக்ஸ் ரயில் நிலையத்துக்காகவே வரைந்த இடம், ஆனால் அதன் கடைத்தெரு நிலையத்தின் வாசலில் இல்லை, கால் மைல் வடக்கே, கார்கள் ஓடும் கார்னெல் சாலையில் இருக்கிறது. கடைக்குப் பிழைப்பு அந்தச் சாலையில்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். மேரிலாந்தின் கென்ட்லாண்ட்ஸில் முதலில் நினைத்த பெரிய மால் வரவேயில்லை. அந்த இடத்தில் வழக்கமான கார் நிறுத்தத்தோடு கூடிய கடை வளாகம் வந்தது. நடந்துபோகும் கடைவீதி பிறகுதான் கட்டப்பட்டது.

மாடியில் வீடு, கீழே கடை என்ற கட்டடத்தை இன்று மறுபடி கட்ட முடியுமா? முடியும். 2009இல் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பில் அதற்கென்று ஒரு பிரிவு வந்தது. மொத்தம் 3,000 சதுர அடிக்குள், தொழிலுக்குப் பாதிக்கு மேல் போகாமல், குடும்பத்துக்கு வெளியே ஐந்து பணியாளருக்குள், ஸ்பிரிங்க்ளரோடு. இடிப்பது கடனில்தான். அபார்ட்மெண்ட் உரிமைத் திட்டத்தில் வணிகப் பரப்பு 35 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமான வீட்டுக் கடன் கிடைப்பது சிக்கலாகிவிடும். மூன்று தளக் கட்டடத்தில் கீழ்த்தளம் முழுக்கக் கடை என்றால் அதுவே 33 சதவீதம். வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறோம். இரண்டு தளம் என்றால் 50, அவ்வளவுதான்.

பதிவு 7 · சுண்ணாம்பு

கட்டடத்தின் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பழையது உறுதி, புதியது அட்டை என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இரண்டுக்கும் தனித்தனி நோய்.

பழைய செங்கல் வரிசை வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. செங்கல் மென்மையானது, சாந்து அதைவிட மென்மையானது. சுவரில் ஏறும் ஈரம் சாந்து வழியாக வெளியேறும், தேய்வதும் சாந்துதான். அது தேய்வதற்காகவே போட்டது. இருபது முப்பது வருடமாகப் பூசாமல் விட்டு, பிறகு கடையில் கிடைக்கும் சிமெண்ட் கலவை மூட்டையை வாங்கி இடுக்கில் திணிப்பார்கள். சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் செங்கல் முகம் வழியாக வரும், உப்பு உள்ளேயே படியும், குளிர்காலத்தில் உறையும். மூன்று நான்கு குளிர்காலத்தில் செங்கலின் முகம் தகடாகப் பெயர்ந்து விழும், சிமெண்ட் கோடுகள் மட்டும் சுவரில் கூடுகூடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சியைப் பார்த்தால் சுவருக்கு வயசாகிவிட்டது என்பார்கள். சுவரைக் கெடுத்தது வயசல்ல, அந்த மூட்டை.

சரியான முறை: இடுக்கை அதன் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குச் சுரண்டணும். முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் வரும். உளியும் சுத்தியும்தான், மின் அரவைக் கருவி செங்கலின் விளிம்பைத் தின்றுவிடும். கலவை சுண்ணாம்புக் குழம்பு 1, மணல் 3. சிமெண்ட் சேர்த்தே ஆகணும் என்றால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9. சிமெண்டின் பங்கை இதற்கு மேல் கூட்டாதீர்கள். இடுக்கை நனைத்து, கால் அங்குலமாகத் திணித்து, கட்டைவிரல் அழுத்தினால் தடம் பதியும் அளவுக்கு இறுகியபின் அடுத்த படை. முடித்தபின் சில நாள் ஈரத்துணி போட்டுக் காயவிடாமல் வைக்கணும்.

பழைய வீட்டில் இன்னும் பார்க்க வேண்டியவை: 1978க்கு முந்தையது என்றால் ஈயப் பெயிண்ட் இருக்கலாம். தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயைச் சாவியால் கீறுங்கள். வெள்ளிபோல் மின்னி, காந்தம் ஒட்டாவிட்டால் ஈயம். சாக்கடைக்குப் போகும் சுட்டமண் குழாயில் மூட்டு மூட்டாக மரவேர் ஏறியிருக்கும், வாங்கும் முன்பே கேமரா விட்டுப் பார்க்கணும்.

புதிய வீட்டின் நோய் திண்ணையில் இருக்கிறது. இந்தக் குடியிருப்புகளில் எல்லா வீட்டிலும் திண்ணைக்கூரை ஒன்று சுவரில் வந்து முட்டும். கூரையின் கீழ்முனை சுவரைத் தொடும் புள்ளியில் நீரைச் சுவரிலிருந்து வெளியே தள்ளும் தகடு, நான்கு அங்குல உயரமாவது, மடக்கி வைத்திருக்கணும். அது இல்லாவிட்டால் கூரைநீர் அத்தனையும் பக்கப் பலகைக்குப் பின்னால் இறங்கும். உள்ளே மரத்துகள் அழுத்திய பலகை. ஐந்தாறு வருடத்தில் கையால் பிய்க்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. கறுப்புக் கோடு ஒன்று மட்டும் அந்தப் புள்ளியிலிருந்து கீழே ஓடியிருக்கும். அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

திண்ணையின் ஆழம் 6 அடிக்குக் குறைந்தால் நாற்காலி போட்டால் நடக்க இடமிருக்காது. 8 அடி வேண்டும். நான்கரை அடியில் போட்டது அலங்காரம். தரைப்பலகை வீட்டுக்குச் செங்குத்தாக ஓடணும், அடிக்குக் கால் அங்குலம் சரிவு. 8 அடிக்கு 2 அங்குலம். வீட்டுக்கு இணையாகப் பலகை ஓடினால் ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் நின்றுவிடும்.

பதிவு 8 · மனைவரைவு

நான்காவது அளவு மீதி இருக்கிறது: தெரு யாருக்குச் சொந்தம்.

ஃபுளோரிடாவின் செலிபிரேஷனில் டவுன் ஹால் என்று ஒரு கட்டடம், ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்தது, முன்னால் 52 தூண்கள். ஆனால் செலிபிரேஷனுக்கு நகராட்சியே கிடையாது. ஓசியோலா கவுண்டியின் கீழ் வரும், தனி நகராட்சியாகாத பகுதி அது. மேயர் இல்லை, மன்றம் இல்லை. அங்கே நடப்பது குடியிருப்போர் சங்க நிர்வாகம். மைக்கேல் கிரேவ்ஸ் தபால் நிலையம் வரைந்தார், சீசர் பெல்லி திரையரங்கு வரைந்தார். திரையரங்கு 2010இல் மூடியது. கடைத்தெருவை டிஸ்னி 2004இல் ஒரே நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பழைய ஊரில் ஒரு கட்டடம் பழுதானால் ஒரு உரிமையாளரோடு பேசலாம். இங்கே கடைத்தெரு முழுவதும் ஒரே கையில் இருந்தது. அந்தக் கை சோர்ந்தால் தெருவே சோரும்.

வாங்குபவர் படிக்க வேண்டிய காகிதம் இரண்டு. ஒன்று, நிலத்தோடு ஒட்டிய சங்க ஒப்பந்தம். அதில் தெரு நகரத்திடம் ஒப்படைக்கப்பட்டதா, சங்கத்திடமே இருக்கிறதா என்று பாருங்கள். சங்கத்திடம் என்றால் தார் போடுவது, சந்து மழைநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் உங்கள் சந்தா. சேமநிதிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நிதி போதாவிட்டால் ஒரே தவணையில் கூடுதல் வசூல் வரும். ஒப்பந்தத்தைத் திருத்த எத்தனை பங்கு வாக்கு வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். மூன்றில் இரண்டு என்று எழுதியிருந்தால், கராஜ் மேல் ஒரு வாடகை அறை போட விதியை மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

இரண்டாவது, ஃபுளோரிடாவில், சமுதாய வளர்ச்சி மாவட்டம். 1980ஆம் வருடச் சட்டம். சாலை, குழாய் போட அந்த மாவட்டம் பத்திரம் விற்கும், வீட்டுக்காரர்கள் வருடாந்திர வரிச் சீட்டில் கட்டித் தீர்ப்பார்கள். தொடக்கத்தில் அதன் குழுவுக்கு ஏக்கருக்கு ஒரு வாக்கு. அதாவது நிலம் வைத்திருக்கும் கம்பெனிக்கே எல்லா வாக்கும். வழக்கமான அளவுள்ள மாவட்டத்தில் ஆறு வருடமும் ஆகி, 250 வாக்காளரும் சேர்ந்த பிறகே குடியிருப்போர் தேர்தலுக்கு மாறும். விலையை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரியைப் பார்க்காமல் பழைய பேட்டையோடு ஒப்பிடாதீர்கள்.

பதிவு 9 · நேர்க்கோடு

நீங்கள் எல்லாம் புதியதை மட்டும் தராசில் போடுகிறீர்கள். பழைய பேட்டை இன்னொன்று கட்டலாமா என்று யாராவது கேட்டீர்களா? மாசசூசெட்ஸின் சாமர்வில் நகரம் தன் மண்டல விதியை (எந்த மனையில் என்ன, எப்படிக் கட்டலாம் என்ற விதியை) தானே சோதித்தபோது, அத்தனை வீட்டுக் கட்டடங்களிலும் விதிக்கு முழுதாக உட்பட்டவை 22 மட்டுமே என்று கண்டது. மற்றதெல்லாம் அந்த விதிப்படி புதிதாகக் கட்டியிருந்தால் சட்டவிரோதம். மக்கள் விரும்பி வாழும் ஊர் அது. 2019இல்தான் விதியை முழுதாக மாற்றி எழுதினார்கள்.

பழைய பேட்டைகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. கேட்பவர்கள் கூடுகிறார்கள். விலை எங்கே போகும்? நியூ அர்பனிசக்காரர்கள் திண்ணை மட்டும் கட்டவில்லை, சட்டத்தோடு சண்டை போட்டார்கள். 1993இல் நியூ அர்பனிசக் காங்கிரஸ் என்ற தங்கள் அமைப்பைத் தொடங்கியதிலிருந்து அவர்கள் செய்த பெரிய வேலை விதிப்புத்தகத்தில்தான் இருக்கிறது. மயாமி நகரம் முழுவதற்கும் கட்டடத்தின் உருவத்தை வைத்து எழுதிய மயாமி 21 விதி 2009இல் நிறைவேறி 2010இல் நடைமுறைக்கு வந்தது. வரைந்தவர்கள் சீசைடு வரைந்த அதே அலுவலகம். பஃபலோ 2017இல் கட்டாயக் கார் நிறுத்த விதியை நகரம் முழுக்க எடுத்தது. இந்தப் பயன் பழைய பேட்டைக்கும் சேர்ந்துதான் கிடைக்கிறது. காலியாகக் கிடக்கும் 25 அடி மனையில் கார் நிறுத்த இடம் காட்டாமல் இன்று அங்கே கட்டலாம்.

பழைய பேட்டையைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். 1930களில் அரசே வரைந்த கடன் வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பேட்டைகளைச் சிவப்பில் குறித்தார்கள், கடன் நின்றது, பழுதுபார்க்கப் பணமில்லாமல் கட்டடங்கள் இற்றுப்போயின. சாந்து பூசாமல் விட்டதற்கு எல்லா இடத்திலும் அலட்சியம் காரணமல்ல, சுண்ணாம்பு ஐயா.

பதிவு 10 · சுண்ணாம்பு

ஒப்புக்கொள்கிறேன். கடன் கிடைக்காத தெருவில் கூரை ஒழுகலைக்கூட அடைக்க முடியாது. நான் எழுதியதில் அது இருந்திருக்கணும்.

பதிவு 11 · தெருமுனை

நேர்க்கோடு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். விதியை மாற்றியது பெரிய காரியம். ஆனால் அதே இயக்கத்தின் வடிவத்தை வைத்துத்தான் 1992இல் தொடங்கிய ஹோப் 6 (HOPE VI) என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பழைய பொதுக் குடியிருப்புகளை இடித்து வரிசை வீடுகள் கட்டினார்கள். பல இடங்களில் இடித்த அளவுக்கு ஏழைகளுக்கான வீடு திரும்பக் கட்டப்படவில்லை. திண்ணை வந்தது, அங்கே இருந்தவர்கள் திரும்ப வரவில்லை. அதை வடிவத்தின் குற்றம் என்று சொல்லமாட்டேன். வடிவம் மட்டும் போதும் என்று நம்பியவர்களின் குற்றம்.

இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது, மண்டல விதி மாறினாலும் போகாதது. அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் ஒரு குடும்ப, இரு குடும்ப வீடும் வரிசை வீடும் எளிய வீட்டு விதித்தொகுப்பில் வரும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடும்பம் வைத்தால் கட்டடம் நேராகப் பெரிய விதித்தொகுப்புக்குப் போய்விடும்: வணிகத் தரத்தில் ஸ்பிரிங்க்ளர், பதிவுபெற்ற கட்டடக்கலைஞர் கையெழுத்து, கூடுதல் ஆய்வு. பழைய பேட்டையின் உயிர் சிகாகோ மூன்றடுக்கு வீடு, பாஸ்டன் மூன்றடுக்கு மர வீடு இவற்றில்தான் இருந்தது. அந்த அளவில்தான் இன்று கணக்கு உதைக்கிறது. ஆகவே பில்டர் இரண்டில் நிறுத்துவார், இல்லாவிட்டால் இருநூறுக்குப் போவார்.

நன்றாக நடந்ததும் உண்டு. ஆஸ்டினின் முல்லர், 1999இல் மூடிய விமான நிலையத்தின் சுமார் 700 ஏக்கர். நிலம் நகரத்துடையது, அதனால் நால்வரில் ஒருவருக்குக் கட்டுப்படியாகும் வீடு என்று நிபந்தனை போட முடிந்தது. சுற்றிலும் ஏற்கெனவே நகரம் இருந்ததால் கடைக்குக் கடந்துபோகும் ஆளும் இருந்தார்கள். வயலில் கட்டியதையும் ஊருக்குள் கட்டியதையும் ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். கடைக்கணக்கு போட்ட வட்டத்தை முல்லரில் போட்டால் வட்டத்தின் ஒரு பகுதி பழைய பேட்டைக்குள் விழும். வயலில் போட்டால் வயலில்தான் விழும்.

பதிவு 12 · புதுவாசி

ஒரே நாளில் ஒரு இடத்தைப் போய்ப் பார்த்து முடிவு செய்யணும் என்றால் எதை எடுத்துக்கொண்டு போகணும், எங்கே தொடங்கணும்?

பதிவு 13 · பின்சந்து

25 அடி டேப், அச்சிட்ட மனை வரைபடம், ஒரு காந்தம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் பாதி வேலை மிச்சம்.

வரைபடத்தில் உங்கள் மனையை நடுவாக வைத்துக் கால் மைல் வட்டம் போடுங்கள். உள்ளே எத்தனை சந்திப்பு, எத்தனை வீடு, வட்டத்தைவிட்டு வெளியே போக எத்தனை தெரு என்று எண்ணுங்கள். வெளியே போகும் தெரு இரண்டு மூன்றுதான் என்றால் அது வேலி போட்ட இடம், வேலி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

பிறகு பின்சந்தில் தொடங்குங்கள், முன்தெருவில் தொடங்காதீர்கள். முன்பக்கத்தை விற்பதற்காகப் பெருக்கி வைத்திருப்பார்கள். சந்தில் தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, கராஜ் முன்தளம் எத்தனை அடி, கார்கள் சந்துக்குள் நீட்டுகின்றனவா என்று பாருங்கள். அதன்பின் முனைக்கு வந்து, நடைபாதை நீளும் கோட்டிலேயே தெருவைக் கடந்து அளந்து பாருங்கள். தெருவின் அகலத்தைவிடக் கடக்கும் தூரம் ஐந்தாறு அடிக்கு மேல் கூடினால் வளைவு பெரியது. திண்ணையில் இருந்து நடைபாதைக்கு எத்தனை படி என்று பாருங்கள். இரண்டு மூன்று அடி உயர்ந்திருந்தால் நடந்துபோகிறவர் கண் வீட்டுக்குள் விழாது, திரை எப்போதும் மூடியிருக்காது. ஆனால் சக்கர நாற்காலிக்குப் படியில்லாத வழி பின்சந்துப் பக்கமாவது இருக்கணும். பல வரைபடங்களில் அதை மறந்துவிடுகிறார்கள்.

பதிவு 14 · புதுவாசி

நன்றி அண்ணா. மரம்? புதிய இடங்களில் இருபது வருடமானாலும் மரம் கையளவே இருக்கிறதே, ஏன்?

பதிவு 15 · பின்சந்து

மண் போதவில்லை. பெரிய நிழல்மரத்துக்கு ஆயிரம் கன அடி அளவுக்குத் தளர்ந்த மண் வேண்டும். 6 அடி மண்பட்டையில் 30 அடிக்கு ஒரு மரம் நட்டால் 180 சதுர அடி. 3 அடி ஆழம் வைத்தாலும் 540 கன அடி, தேவையில் பாதி. அதுவும் தளர்ந்த மண்ணாக இருந்தால். தெரு போடும்போது ரோலர் அந்தப் பட்டையின் மேலும் ஓடியிருக்கும், மேல்மண்ணைச் சுரண்டி விற்றிருப்பார்கள், கீழே இருப்பது செங்கல் மாதிரி இறுகிய களி. குழி வெட்டி மரத்தை வைத்தால் அது தொட்டியில் வைத்த செடிதான். பட்டையை 8 அடியாக்கி 40 அடிக்கு ஒரு மரம் என்றால் 960 கன அடி வரும். நடுவதற்கு முன் இரண்டரை, மூன்று அடி ஆழத்துக்குக் கிளறி மட்கு கலக்கணும். கேஸ், தண்ணீர், மின்கம்பி எல்லாம் பின்சந்தில் போயிருந்தால் இந்தப் பட்டை காலியாக இருக்கும். அதற்காகவும்தான் சந்து வேண்டும் என்பது.

நடந்துபோகும்போது ஒரு நீளக் கம்பியை மரத்தடி மண்ணில் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு அடி இறங்கினால் நல்லது. மூன்று அங்குலத்தில் நின்றால் அந்த மரம் வளராது.